நீலம் போட்ட வேன்

எங்கள் வேன்மீது சாய்ந்து நின்ற யாரும் சுத்தமான சட்டையோடு திரும்பிப் போனதில்லை. அது வெள்ளை வேன். வாங்கும்போதே பழசு. ராஜபாளையத்து வெயிலில் நின்றும், ஆலங்குளம் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசியில் ஓடியும் அதன் வெள்ளை செத்துப்போய் மேலெல்லாம் மாவு பூத்திருந்தது. விரலால் தொட்டால் விரல் வெளுக்கும். முதுகைச் சாய்த்தால் திருநீறு பூசிய மாதிரி ஒரு பட்டை விழும். அப்பா அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சவாரிக்கு வருகிறவர்களிடம் "கதவுல ஒரசாம ஏறுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். ஏதோ புதுப் பெயிண்டைக் காப்பாற்றுகிறவர் போலத்தான் சொல்லுவார்.

அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். எதையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும் அவருக்கு. வாசலில் கிடக்கும் செருப்புகள்கூட அணிவகுத்துத்தான் நிற்கும். அப்படிப்பட்டவர் இந்த வேன் விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வாங்கிய புதிதில், பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ரப்பிங் காம்பவுண்டு ஒரு டப்பா வாங்கி வந்து, பின்கதவின் மூலையில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்திருக்கிறார். துணி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பெயிண்டே கழன்று வருகிறது, இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்தால் தகரம் பல்லிளித்துவிடும் என்று பயந்து மூடிய டப்பா, பரணுக்குப் போனது போனதுதான். எனக்குத் தெரிந்து அப்பா பயந்த ஒரே பொருள் அந்த டப்பா.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு மாமா இருந்தார். அம்மாவின் அண்ணன், பள்ளிக்கூட வாத்தியார். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர்தான் அது. ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது கடல் தாண்டிய சீமை. மாமாவை நான் பார்த்ததே இல்லை. ஏன் அங்கே போவதில்லை என்று கேட்டால், "மாமாவுக்குப் பள்ளிக்கூடத்துல வேல ஜாஸ்தி" என்பாள் அம்மா. வாத்தியார்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும்போல என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா தானாகப் பார்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டவள் என்பதும், அன்றிலிருந்து அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார் என்பதும் எனக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்த சங்கதிகள்.

நான் நாலாவது படிக்கும்போது மாமா புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். தளவாய்புரத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் எங்களுக்கும் சொல்லி விட்டிருந்தார். "வந்தா வரட்டும்" என்பதுதான் அழைப்பு. அந்த இரண்டு வார்த்தையை அம்மா, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்ததைப் போல வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்குக் கட்டின கத்தரிப்பூக் கலர் பட்டுச் சேலையை எடுத்துக் காற்றாட உலர்த்தினாள். பிறகு வாசலுக்கு வந்து வேனைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"பேசாம பஸ்ல போயிருவமா?" என்றார் அப்பா.

"பஸ்ல போனா, வேன் வச்சிருக்கவன் ஏன் பஸ்ல வாரான்னு கேப்பாக. இதுல போனா, பட்டு பூராம் வெள்ள அப்பிக்கிரும். இம்புட்டு வருசங் கழிச்சு எங்கண்ணன் வாசல்ல போய் எறங்குதேன். இவ நல்லாத்தான் இருக்கான்னு அவியளுக்குப் பாத்ததும் தெரிய வேண்டாமா?"

அப்பா சவாரிக்குக் கிளம்பிப் போனார்.

வெள்ளை மங்கினால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியும். அப்பாவின் வேட்டியும் பனியனும் மங்கினால் என்ன செய்வாளோ அதைத்தான் வேனுக்கும் செய்தாள். மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்த நேரமாகப் பார்த்து, ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டாள். வேன் பெரிது என்பதால் சொட்டுச் சொட்டாக விடவில்லை, புட்டியைக் கவிழ்த்தே விட்டாள்.

"சத்தங் காட்டாத. ஒங்கப்பா எந்திரிச்சு வரும்போது வேன் கொக்கு மாதிரி நிக்கும் பாரு" என்றாள்.

அம்மா ஸ்டூல் போட்டுக்கொண்டு மேல்பாதியையும் நான் கீழ்ப்பாதியையும் துடைத்தோம். ஈரத்தில் வேன் ஜோராகத்தான் இருந்தது. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தள்ளி நின்று ரசித்தாள். பிறகு வெயில் தன் வேலையைக் காட்டியது. ஈரம் காயக் காய நீலம் மேலே தெரிய ஆரம்பித்தது. மாவு பூத்த பெயிண்ட் அத்தனை நீலத்தையும் குடித்து வைத்திருந்தது. கூரையில் திட்டுத் திட்டாக, கதவுகளில் வழிந்த கோடுகளாக, பூகோளப் புத்தகத்துச் சமுத்திரமெல்லாம் எங்கள் வேனில் வந்து இறங்கியிருந்தன. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தோம். நீலம் அசைந்து கொடுக்கவில்லை.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "போக வேண்டாம்னு சாமியே சொல்லிருச்சு" என்று அழத் தொடங்கினாள். ஒரு வேனுக்காகப் பெரிய மனுஷி இப்படி அழுவாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். வேனை ஒரு வலம் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். வலம் முடித்து அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"நீலம் போட்டதுதான் போட்ட, கஞ்சியும் போட்டிருக்கலாம்லட்டி. மொடமொடன்னு நின்னுருக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. "நான் வரல. ஒடம்பு சரியில்லன்னு சொல்லி விட்ருங்க" என்றாள்.

அப்பா உள்ளே போய் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறி அந்த டப்பாவை இறக்கிக்கொண்டு வந்தார்.

மூடி இறுகிக் கிடந்தது. ஸ்குரு டிரைவரால் நெம்பித் திறந்தார். சூட்டுத் தகரத்தில் தேய்க்கக் கூடாது என்று வேனைத் தள்ளி, தார்ப்பாய் கட்டி நிழலாக்கி, தகரம் ஆறுகிறவரை காத்திருந்தார். பழைய பனியன் துணியில் கொஞ்சம் காம்பவுண்டைத் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். துணி முதலில் நீலமாயிற்று. அப்புறம் வெள்ளையாயிற்று. கை நின்றது. பழைய பயம் வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. படியில் உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தேய்த்தார். சுத்தமான துணியை எடுத்துத் துடைத்தார். தகரம் தெரியவில்லை. ஈரம் காயாத பீங்கான் தட்டு மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது. அதில் அப்பாவின் மூக்கு தெரிந்தது.

"ஏட்டி, இங்க வா!" என்று கத்தினார். "மேலாக்க செத்த தோலுதான் உரியுது. உள்ள உசுரு இருக்கு!"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா எழுந்து வந்து அந்த உள்ளங்கை அகலத்தைத் தொட்டுப் பார்த்து, தன் விரலைப் பார்த்தாள். விரல் வெளுக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் ஒரு துணியை எடுத்தாள்.

பிறகுதான் நீலத்தின் மகிமை புரிந்தது. மாவும் வெள்ளை, பெயிண்டும் வெள்ளை. வெறுமனே தேய்த்திருந்தால் எங்கே முடித்தோம், எங்கே பாக்கி என்று கண்டுபிடித்திருக்க முடியாது. இப்போது நீலம் தெரிகிற இடமெல்லாம் பாக்கி. நான் சுற்றிச் சுற்றி வந்து "இங்க ஒரு சமுத்திரம் இருக்கு" என்று காட்டிக் கொடுத்தேன். "அதுக்குத்தான் போட்டேன்" என்றாள் அம்மா, கொஞ்சங்கூடக் கூசாமல். அப்பா மறுநாள் சவாரிக்கே போகவில்லை. "ஓரத்துல அமுக்காத, அங்கனதான் பெயிண்டு மெலிசு" என்று எங்களை அதட்டிக்கொண்டே தேய்த்து முடித்து, மேலே மெழுகு பாலிஷும் போட்டார்.

அதோடு வீட்டில் பட்டாளச் சட்டம் வந்தது. வேனை யாரும் தொடக் கூடாது. தூசியை வெறும் துணியால் துடைக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றிய பிறகுதான் துணி. ஆசையில் ஒரு விரல் வைத்துப் பார்த்ததற்கு என்னை வாளி வாளியாகத் தண்ணீர் தூக்க வைத்தார்.

பால் காய்ச்சுகிற அன்று காலையில் அம்மா பட்டைக் கட்டிக்கொண்டு, வேன்மீது தைரியமாகச் சாய்ந்துவிட்டு முதுகைக் காட்டினாள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பந்தல் போட்ட வீட்டுமுன் வேன் நின்றது. அப்பா இறங்கினார். அம்மா இறங்கவில்லை. வா என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வாசலில் கால் வைப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து வந்தார். ஒல்லி உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. வேன் கதவைத் திறக்கப் பார்த்தார். எங்கள் வேன் கதவு பின்னால் தள்ளித் திறப்பது. அவர் கார்க்கதவு என்று நினைத்துத் தன் பக்கம் இழுத்தார். வரவில்லை. ஒரு கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மா அசையாமல் இருந்தாள்.

"பின்னால தள்ளணும் மச்சான்" என்று அப்பா வந்து கை கொடுத்தார். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். கதவு திறந்தது.

அப்போதும் மாமா வா என்று சொல்லவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "பழைய வண்டின்னாக. புதுசு கணக்கா இருக்கே. என்ன போட்டிய?" என்றார்.

"காம்பவுண்டுதான். அதுக்கு முன்னாடி ஒங்க தங்கச்சி நீலம் போட்டா."

"நீலமா? வண்டிக்கா?"

மாமாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் வாத்தியார் டிரெயினிங் படிக்கப்போ என் சட்டைய இவதான் தொவைப்பா. எம்புட்டுச் சொன்னாலும் நீலத்துல கை அடங்காது. வெள்ளச் சட்டையில வரச் சொன்னா ஊதாச் சட்டையில வாரியான்னு என்னைய வெளிய நிப்பாட்டிட்டாக மாப்ள." அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "எறங்கி வா புள்ள. பால் பொங்கப் போகுது."

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே இறங்கினாள். மாமாவும் கண்ணைத் துடைத்தார். வேனுக்கு நீலம் போட்டதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று சாப்பாட்டுப் பந்தியிலும் மாமா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு போட வேண்டும், மழைத் தண்ணீர் நின்றால் கறை விழுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் வேன் வாங்கப்போகிறார் என்று நான் முடிவு கட்டினேன். கடைசிவரை அவர் சைக்கிளில்தான் போனார்.

வேனைவிட்டு இறங்கி எல்லாரும் உள்ளே போனபோதே நான் திரும்பிப் பார்த்திருந்தேன். பளபளத்த கதவில் மாமாவின் சந்தனக் கை ஐந்து விரலோடும் அப்படியே பதிந்திருந்தது. அப்பா பார்ப்பதற்குள் அழித்துவிடலாம் என்று துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடினேன். அப்பா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது கெடக்கட்டும், விடு" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் வேனைத் தினமும் கழுவினார், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு. நான் ஒரு விரல் வைத்ததற்குத் தண்ணீர் தூக்க வைத்தவர், மாமா முழுக் கையை வைத்தும் ஒன்றும் சொல்லவில்லையே, வாத்தியார் என்றால் அப்பாவுக்கும் பயம்தான் என்று நினைத்து, கோபத்தில் நான் அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.