நூற்று எழுபத்தாறு மாமரங்கள்

படத்தில் அரங்கம் சிரித்த இடங்கள் முப்பத்தொன்று. என் மகள் சிரித்தது பத்தொன்பது. நான் சிரிக்கவில்லை.

சிரிப்புப் படம் என்று செய்தித்தாளில் போட்டிருந்ததை நம்பி, கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, விவாகரத்து ஆன ஒருத்தி சொத்துக்காக ஒருவனைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொள்ளும் கதை. என் மகளுக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஏழு மாதம். அதற்கு முன் பதினேழு வாய்தா. முதலமடைப் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், இப்போது அவளைக் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் இஷ்டம் என்று அவள் என்னிடம் விட்டிருந்தாள். நான் சரி என்று சொல்ல இருந்தேன்.

கதாநாயகி மாப்பிள்ளையின் பங்களாவில் அறை அறையாக எண்ணிக்கொண்டு போனாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேச்சை முடிக்கும் முன் மாப்பிள்ளையின் தோட்டத்தைப் போய்ப் பார்த்து வருவது எங்கள் வழக்கம். நானும் போயிருந்தேன். காய்ப்பு நின்றவற்றைக் கழித்து நூற்று எழுபத்தாறு மரம்.

இடைவேளையில் அவள் டீ வாங்கி வந்தாள்.

"ஏனுங்கப்பா, அங்க எத்தன மரமுங்க?"

சொன்னேன்.

"அவரு எப்படிப் பேசுனாருங்க?"

யோசித்தேன். மோர் கொடுத்தார். இரண்டு கிணறு, ஒரு போர்வெல். முகம் நினைவுக்கு வரவில்லை, குரலும் வரவில்லை.

"போன கல்யாணத்தப்ப தென்னைய எண்ணீட்டு வந்தீங்க. மரமெல்லாம் நல்ல மரந்தானுங்க," என்று சொல்லிவிட்டு டீயை ஊதினாள்.

மணி அடித்ததும் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, படிக்கட்டில் நின்று கல்யாணத் தரகரைப் போனில் அழைத்தேன். நாளைக்குப் பதில் இல்லை, இன்னொரு முறை வர வேண்டும் என்றேன். அதுதான் ஒருமுறை பார்த்தாயிற்றே, தோப்புக்காரருக்கு வேறு இரண்டு இடம் வந்திருக்கிறது, தவறிப்போனால் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்றார். இருந்தாலும் சொன்னதை மாற்றவில்லை.

இருட்டில் தடவி இருக்கைக்கு வந்து அவளிடம் சொன்னேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போறப்ப நானும் வர்றனுங்க. நீங்க மரத்தப் பாருங்க."

பத்தொன்பதில் மூன்றுதான் அதன் பிறகு சிரித்தது. நான் படிக்கட்டில் நின்றபோது சிரித்திருந்தால் அது கணக்கில் இல்லை.