வண்டிக்குப் பின்னால் நின்றவர்

கம்பம் சிக்கந்தர் ராவுத்தர் இறந்துபோன செய்தி, தேய்ந்துபோன ஒரு கிளட்ச் பிளேட்டோடு சேர்ந்து என் கடைக்கு வந்தது. தேனியில் நான் வைத்திருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூடலூர் ஜீப் டிரைவர் ஒருவர் அந்தப் பிளேட்டை மேசைமேல் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார். எடுத்துத் துடைத்துக் கொடுத்த பிறகு, "உங்க சிக்கந்தர் அண்ணன் காலையில தவறிட்டாகளே, சொல்லி விட்டாகளா?" என்று கேட்டார். யாரும் சொல்லிவிடவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு ஆயில் சீல் வேண்டுமென்றால்கூட முந்தின நாளே போன் போட்டு உயிரை எடுக்கிற மனிதர், இதற்கு மட்டும் சொல்லாமல் போவாரா? ஷட்டரை இழுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டும்வரை அந்தக் கோபம் இருந்தது, அதற்கப்புறம் பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் தேற்ற வேண்டியதாயிற்று.

அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஏலக்காய் வியாபாரத்தில் வந்ததையெல்லாம் ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்புகளில் கொட்டிய கிறுக்கர் என்று நம்மில் பாதிப்பேர் அவரைச் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், அவர் முகத்துக்கு நேராகவே. "கிறுக்கு இல்லாட்டி உன் கடை எப்படிய்யா ஓடும்?" என்பார். அதுவும் உண்மைதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் முதல்முறையாக அவரோடு ராணுவ ஏலத்துக்குப் போனேன். வெட்டவெளியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் வெள்ளை வேட்டியோடு ஒரு ஜீப்பின் அடியில் புகுந்துவிட்டார். கியர் பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் தலையில் ஒரு டிரம் இருக்கும். அந்தக் கால ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் கவ்விப் பிடிப்பது அந்த டிரம்மைத்தான். அதன் இடுக்கில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். அடுத்த வண்டிக்கு அடியில் போனார், அங்கும் அதே விரல், அதே மோப்பம். காவலுக்கு நின்ற சிப்பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு மானமே போயிற்று. "என்னண்ணே இது, மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்குற மாதிரி?" என்றேன். "எஞ்சினு ஓடாட்டி யாரும் சாக மாட்டாக செல்வம்" என்றார் அடியில் இருந்தபடியே.

அன்று எடுத்த வண்டியைக் கம்பத்தில் அவர் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் போட்டுப் பிரித்து, துரு சுரண்டி, நான் மதுரையில் அலைந்து பிடித்துக் கொடுத்த சாமான்களையெல்லாம் பூட்டி ஓடவிட்டார். பச்சைச் சாயம் இன்னும் அடிக்கவில்லை. "சாயம் கடைசி. பிரேக்கு மொத" என்பது அவர் வாக்கு. பிரேக்கைப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறினார். நல்ல உச்சி வெயில். செங்குத்தான ஒரு வளைவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சினை அணைத்து, கியரையும் நியூட்ரலில் தள்ளினார். இறங்கிப்போய் வண்டிக்கு நேர் பின்னால், முதுகைக் காட்டி நின்றார். கல் வைக்கவில்லை, கட்டை வைக்கவில்லை. பின்னால் பள்ளம். நான் கத்திய கத்தலில், எதிரே வந்த பஸ்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் அசையவில்லை. ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்றுவிட்டு வந்து, "இது ஆகும், விக்கலாம்" என்றார்.

இறக்கத்தில் வரும்போதுதான் சொன்னார். அவருடைய தம்பி காதர் ராணுவத்தில் டிரைவராக இருந்தவன். வடக்கே ஏதோ ஒரு மலையில் ஜீப்பை மேடு பார்த்து நிறுத்திவிட்டு, பின்னால் போய்ச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது வண்டி உருண்டு அவன்மேல் ஏறிவிட்டது. விசாரித்தவர்கள் டிரைவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள், ஹேண்ட் பிரேக் போடவில்லையாம். "அவனுக்கு வண்டி பழக்கினது நான்தான். இந்தா, இதே மெட்டுலதான். பிரேக்கு போடாம எறங்குனா செவிட்டுல ஒண்ணு குடுப்பேன். அவனா போடாம எறங்குவான்? ஊரே அதை நம்புது, செல்வம்." கியர் பெட்டியின் சீல் கசிந்து, டிரம்முக்குள் கவ்விப் பிடிக்கும் லைனிங்கில் எண்ணெய் ஊறிவிட்டால், இழுத்துவிட்ட பிரேக்கும் மெல்ல மெல்ல நழுவும். அவர் ஒவ்வொரு வண்டியிலும் மோந்து பார்த்தது அந்த எண்ணெயைத்தான்.

காதர் அதே ஜீப்பில் சாய்ந்து சிரித்தபடி எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கும். முன் பம்பரில் வண்டி எண் தெளிவாகத் தெரியும். எந்த ஏலத்துக்குப் போனாலும், பம்பர்களில் அடுக்கடுக்காக ஏறிய சாயத்தைச் சுரண்டி அந்த எண்ணைத் தேடினார். குமுளிப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர், "இக்கா, வண்டி எடுக்க வந்தோ, பெயிண்ட் சுரண்ட வந்தோ?" என்று மலையாளம் கலந்து கிண்டல் செய்தார். "கிடைச்சா என்னண்ணே செய்வீக?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "அதுகிட்டயே கேப்பேன், அவன் போட்டானா இல்லையான்னு." சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

ரெண்டாயிரம் பிறந்த பிறகு அது கிடைத்தே விட்டது. கதவில்லாத, தார்ப்பாய் இல்லாத, கண்ணாடி போன ஒரு கூடு. பச்சைக்கு அடியில் மண்நிறம், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை, அதில் அந்த எண். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "காதரு" என்று ஒருமுறை கூப்பிட்டார். பிறகு அடியில் புகுந்து டிரம்மைக் கழற்றினார். லைனிங் காய்ந்து சுத்தமாக இருந்தது. "மாத்தியிருப்பாகண்ணே, எத்தனை வருசம் ஆச்சு" என்றேன். "இருக்கும்" என்றார்.

அந்த வண்டிக்கு அவர் பார்த்த வேலை வேறு எதற்கும் பார்த்ததில்லை. போட்டோவில் இருந்தபடியே ஆக்கினார், சீட்டின் தையல்கூட மாறவில்லை. அந்தப் பழைய ஆயில் சீலையும் லைனிங்கையும் மட்டும் தொடவில்லை. மெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். இந்த முறை முகத்தை வண்டிக்குக் காட்டி நின்றார். வெயில் சாய்ந்தும் நின்றார். "உருண்டு தொலையேன்டா" என்று அழுதார். அது கல்லுப்பிள்ளையார் கணக்காக நின்றது. அவரைக் கையைப் பிடித்து இழுத்து வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் சரிவில், மேடு பார்த்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி அதை நிறுத்திவைத்தார். டயர் ஓரம் சாக்பீஸ் கோடு, மழையில் அழிந்தால் அதே இடத்தில் மறுபடி போடுவார். விலைக்குக் கேட்டவர்களை விரட்டினார். வருடக்கணக்காக அப்படியே நின்றது. பேச்சுக்கு நடுவே திடீரென்று நிறுத்தி, "சத்தம் கேட்டுச்சா?" என்பார். எனக்குக் கேட்டதில்லை. ஆனால் கொஞ்ச நாளில், தேனியில் என் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே, யாரோ பின்னால் மெதுவாக டயரை உருட்டுவது போலத் தோன்றித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் சொன்னேன், "மந்திரிச்சுட்டு வாங்க" என்றார்கள்.

போன வருடம் ஒரு காலையில் போன் வந்தது. "நகந்துருச்சு" என்றார். போனேன். டயர் கோட்டைத் தாண்டி நாலு விரல் அளவு பின்னால் வந்திருந்தது. டயருக்குக் கல் கொடுத்து, அடியில் படுத்து டிரம் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். லைனிங் முழுக்க எண்ணெய். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி. நான் இதே தொழிலில் இருப்பவன், வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, சும்மா நிக்கிற வண்டியில எந்தச் சீலும் காஞ்சு வெடிக்கத்தான் செய்யும். இதை வச்சு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு..." "எனக்குத் தெரியாதா? வாயப் பொத்து" என்றார். ஆள் அனுப்பிக் காதரின் மனைவி நூர்ஜகான் அக்காவை வரவழைத்தார். விதவையாகி அண்ணன் வீட்டுத் தெருவிலேயே, தையல் மெஷினை மிதித்துப் பிள்ளையை ஆளாக்கியவர்.

அந்த எண்ணெயை விரலில் தொட்டு அவரிடம் நீட்டினார் அண்ணன். "பாரு ஆத்தா. பிரேக்கு நழுவியிருக்கு. அவன் போட்டுத்தான் எறங்கியிருக்கான்."

அக்கா விரலையும் வண்டியையும் பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார். "இதைக் காட்டவா மச்சான் கூப்பிட்டீக? அவுக போட்டுத்தான் எறங்கியிருப்பாகன்னு எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்ல. ஊருல யாரும் இப்ப அதைப் பேசுறதுகூட இல்ல. உங்களுக்குத்தான் மச்சான் சந்தேகம்."

அண்ணன் எண்ணெய் விரலைத் துடைக்க மறந்து நின்றார். பதிலுக்குப் பதில் வைத்திருக்கும் மனிதர், ஒரு ஏலச் சந்தையையே வாயால் சமாளித்தவர். "ஆமா" என்றார்.

அதற்கப்புறம் அவர் எந்த ஏலத்துக்கும் வரவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் இடுப்பு வலி என்றார். அவரைக் கபரில் வைத்து மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது, கூட வந்தவர்கள் அவர் ஊருக்குள் ஓடவிட்ட வண்டிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பேசட்டும், எல்லாம் நியாயமான பெருமைதான். அவருடைய ஸ்பேனர் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ஆனால் நான் அவரிடமிருந்து வைத்திருப்பது அந்த "ஆமா"தான். தம்பியை ஊர் நம்பவில்லை என்றே சொல்லிவந்த மனிதர், அவனை நம்பாமல்போன ஆள் தான்தான் என்று ஒத்துக்கொண்ட சொல் அது. அதைச் சொல்வதற்கு அவருக்கு அத்தனை ஜீப்புகள் வேண்டியிருந்தன.