மகள் வயிற்றில் இருந்தபோது நான் பட்ட பயம்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு ஓசூரில் நடந்தது இது. தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் இருந்தோம். இருவருக்குமே வாகன உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி வேலை. அவர் ஒரு கம்பெனி, நான் வேறொரு கம்பெனி.

எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய வலது கை பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்டது. பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரண்டு விரல்கள் போய்விட்டன. கையையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஆபரேஷன் மேல் ஆபரேஷன். நான் வேலைக்கும் போய்க்கொண்டு, மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி ஆஸ்பத்திரிக்கும் அலைந்தேன். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. கம்பெனியில் யாராவது இரும்புத் தகட்டைக் கீழே போட்டால் போதும், உடம்பெல்லாம் உதறும். அந்த நொடியே உள்ளே குழந்தையும் துள்ளும்.

அவர் குணமாகி வீட்டுக்கு வந்தார். மகள் பிறந்தாள். எடை சற்றுக் குறைவு, மற்றபடி நலம் என்றார்கள். கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவள் எதற்கெடுத்தாலும் மிரண்டாள். குக்கர் விசில் அடித்தால்கூட என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுவாள். இரண்டு வயது தாண்டியும் ‘அம்மா’, ‘அப்பா’ தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஒருநாள் கேன்டீனில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கர்ப்ப காலத்தில் தாய்க்கு மன அழுத்தம் அதிகமானால் அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பின்னாளில் பாதிக்கலாம் என்று படித்தேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் தன் கையைத்தான் பார்ப்பார். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பிள்ளை மிரளும்போதெல்லாம் உள்ளுக்குள் நொந்துகொண்டேன்.

கடைசியில் கிருஷ்ணகிரியில் குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. மகளைத் தரையில் உட்காரவைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே எங்களை விசாரித்தார்.

“மாசமா இருக்கறப்ப உங்களுக்குப் பெரிய கஷ்டம், அதிர்ச்சி ஏதாவது இருந்துச்சா?”

பக்கத்திலிருந்து கணவர் சொன்னார். “இருந்துச்சுங்க மேடம். எல்லாம் என்னாலதான். என் கை போனதுல இவ பட்ட பாடுதான் புள்ளைக்கு வந்துருச்சு. போன்ல படிச்சனுங்க. இவகிட்ட சொன்னா உடைஞ்சு போயிருவான்னு சொல்லல.”

நான் அவரையே பார்த்தேன். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் ஓயும்வரை காத்திருந்தார்.

“அப்படியும் இருக்கலாம். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது ஒண்ணுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. அடிபட்டவர் மேலயும் தப்பில்ல, பயந்தவங்க மேலயும் தப்பில்ல. இவளுக்கு மூளை இன்னும் வளந்துக்கிட்டுதான் இருக்கு. இனிமே நீங்க பேசறது, சிரிக்கறது எல்லாமே அதுல சேரும்.”

காது நன்றாகக் கேட்கிறதா என்று சோதித்தார்கள். குறை இல்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் வரச்சொன்னார்கள். வீட்டில் அவளோடு ஓயாமல் பேச வேண்டும், அவள் பதில் சொல்லக் காத்திருக்க வேண்டும், சத்தத்துக்கு மிரண்டால் அணைத்துக்கொண்டு அது என்ன சத்தம் என்று காட்ட வேண்டும் என்றார்கள். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் பேசிய அளவுக்கு, விபத்து நடந்த பிறகு ஒருநாளும் பேசியதில்லை.

எங்கள் வீட்டுக்கார அம்மா கர்நாடக எல்லையை ஒட்டிய தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம்தான். டாக்டர் சொன்னதை அவரிடமும் சொன்னோம். தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து மகளிடம், “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அவள் பேசாமல் பார்ப்பாள். அவரும் விடவில்லை, காத்திருப்பார், மறுநாளும் கேட்பார். மாதங்கள் போயின. ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் அதே கேள்வி. என் மகள் தெளிவாக, “ஆய்த்து” என்றாள்.

கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாய் நிறைய நுரையோடு ஓடி வந்தார். “தமிழ்ல பேசுவான்னு காத்திருந்தா, கன்னடத்துல ஆரம்பிக்கறா பாரு” என்று சிரித்தார். அவளுக்கு அன்றைக்கு நாஷ்டா இன்னும் கொடுக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். இரண்டு பாஷையிலும் வாய் ஓய்வதில்லை. தீபாவளி வெடிக்கு மட்டும் இன்னமும் பயம்தான். அன்று அப்பாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தாயம் ஆடுவார்கள்.

கம்பெனியில் எங்கள் லைனில் மாசமாக இருக்கும் பெண் யார் வந்தாலும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். பயமுறுத்துகிற எதையும் சொல்வதில்லை, அவள் மனதில் இருப்பதைச் சொல்ல விடுகிறேன். வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் தன் பயத்தையும் சேர்த்துத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்பதை, அந்த டாக்டரின் அறையில் என் கணவர் வாய் திறந்த நாளில்தான் நான் தெரிந்துகொண்டேன்.