பார்சலுக்கு இரண்டு சாவி

அவளை நான் முதலில் பார்த்தது நாங்கள் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் இரும்புக் கேட்டில். பட்டம் வாங்கிய கையோடு ஊரிலிருந்து வந்து ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்த புதிது. வெள்ளை ஹெல்மெட்டைத் தூங்கும்போதுதான் கழற்றுவேன், அவ்வளவு பெருமை. பள்ளிச் சீருடையில், முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை என்று ஒரு பெண் வந்து நின்றாள். வாட்ச்மேனைக் கண்டுகொள்ளாமல் நேராக என்னிடம், "சார், மேல கேபின்ல அந்தச் சிவப்புத் துணியக் கட்டினது யாரு?" என்றாள்.

அண்ணாந்து பார்த்தேன். டவர் கிரேனின் கேபின் கம்பியில் ஒரு துணி ஆடிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு மாற்று ஆபரேட்டர்மா. கிரீஸ் துடைச்சிட்டு அலசிக் காயப்போட்டிருப்பார். எப்பவும் ஓட்டற அக்கா லைசென்ஸ் பரீட்சைக்கு வெளியூர் போயிருக்காங்க, நாளைக்கு மத்தியானம்தான் வருவாங்க. ஏன்?"

"ராத்திரி நான் எங்க படுக்கணும்னு அந்தத் துணிதான் சொல்லும்," என்றாள். ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மீதிக் கதையை அவளும், அவள் அப்பா கடையில் தலை பின்னிவிடும் பின்னல் அக்காவும் பிறகு சொன்னார்கள்.

அவள் அம்மா கிரேன் ஓட்டுகிறவர். அப்பா பெண்களுக்கு முடிவெட்டி, புருவம் திருத்தி, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவர். தெருவுக்கு அவர் மாஸ்டர். "வீட்டம்மா இரும்பைத் தூக்கறா, வீட்டுக்காரர் புருவத்தைத் தூக்கறார்" என்று பக்கத்துப் பழக்கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தூக்கின வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் வாக்கிடாக்கியின் கரகரப்பைக் கேட்ட அம்மாவுக்கு வீட்டில் சத்தமே ஆகாது. நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசிய மாஸ்டருக்கோ அந்தப் பேச்சு கடையோடு முடியாது, வீட்டுக்கும் வரும். ஒருநாள் அம்மா, "கொஞ்சம் வாய மூடறியா?" என்றார். "மூடிட்டேன்," என்றார் மாஸ்டர். மூடியது மூடியதுதான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மாஸ்டர் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கிக்கொண்டார். அம்மா இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் ஒரு வீடு பிடித்தார். போனில்கூட ஒரு வார்த்தை கிடையாது.

பெண் மட்டும் பொது. அம்மாவுக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். எந்த ராத்திரி எங்கே என்று யாராவது யாருக்காவது சொல்லியாக வேண்டும். சொல்லமாட்டார்களே! அதற்குத்தான் துணி. ராத்திரி வீட்டில் இருப்பேன் என்றால் அம்மா கேபின் கம்பியில் சிவப்புத் துணியைக் கட்டுவார். கடை வாசலில் நின்றால் கிரேன் பளிச்சென்று தெரியும். துணி இருந்தால் பெண் அம்மாவிடம், இல்லாவிட்டால் அப்பாவிடம். வேறொரு பேச்சும் தேவைப்படவில்லை.

தெருவே அந்தத் துணியைப் பார்க்கும். "பார்சல், கொடி ஏறிடுச்சு, கிளம்பு!" என்று பழக்கடைக்காரர் கத்துவார். பார்சல் என்ற பெயர் அப்படி ஒட்டியது. சின்னவளாக இருந்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். பதினாறு முடிந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே உள்ளங்கால் அரிக்கிற மாதிரி இருக்கும். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். சாப்பிடும்போதும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். காம்பஸ் பெட்டி தேவைப்படுகிற அன்று அது நிச்சயம் இன்னொரு வீட்டில் இருக்கும். தலையணை இரண்டு, போர்வை இரண்டு, பல்துலக்கும் பிரஷ் இரண்டு. சாவி மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

அதுதான் அவளுக்கு ஆறாத விஷயம். கேட்காத நாளில்லை.

"சாவியா? உன் கையில குடுத்தா உங்கம்மா கையில குடுத்த மாதிரி. நான் இல்லாத நேரம் வந்து என் கிரீம் டப்பாவெல்லாம் எடுத்து வெளிய வீசுவா," என்பார் மாஸ்டர்.

"வேணாம்டி. உங்கப்பன் வந்து என் கட்டில்ல மேக்கப் பெட்டியப் பரப்பி உக்காந்துட்டு, ஊர்க்கதை பேச ஆரம்பிச்சிடுவான்," என்பார் அம்மா.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கதவா? ஆளா?" என்று ஒருநாள் கேட்டாள். "வாயப் பாரு, அப்படியே அவ," என்றார் மாஸ்டர். அதே கேள்விக்கு அம்மா, "அப்படியே அவன்," என்றார்.

நான் அவளைப் பார்த்த அன்றைக்குப் பள்ளி விட்டு வரும்போது துணி தெரிந்தது. மூன்று மாடி ஏறினாள். பூட்டு. படியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கியது. அம்மா வரவில்லை. இறங்கிக் கடைக்கு ஓடினாள். ஷட்டர் இறங்கியிருந்தது.

"மாஸ்டர் கொடியப் பார்த்துட்டுத்தான் வேன் ஏறினார். பக்கத்து ஊர்ல கல்யாணமாம், நாளைக்குத்தான் வருவார்," என்றார் பழக்கடைக்காரர். "என்ன பார்சல், அட்ரஸ் தப்பாயிடுச்சா?"

அங்கிருந்துதான் எங்கள் கேட்டுக்கு வந்திருக்கிறாள்.

போன் இருந்தது அவளிடம். கேட்டை விட்டு நகர்ந்ததும் எடுத்தாள். அம்மாவைக் கூப்பிட்டால், "பார்த்தியா, உங்கப்பன் லட்சணத்த? தெருவுல விட்டுட்டுப் போயிட்டான்" என்று ஒரு வருடத்துக்குச் சொல்வார். அப்பாவைக் கூப்பிட்டால், "உங்கம்மாவுக்குத் துணியக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாது" என்று இரண்டு வருடத்துக்குச் சொல்வார். யாரிடம் பேசினாலும் அது இன்னொருவர்மேல் எறியக் கல்லாகிவிடும். போனைப் பைக்குள் போட்டாள்.

கடைசியில் பின்னல் அக்காவின் அறைக்குப் போனாள். அது ஒற்றை ஜன்னல் அறை. இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து அக்கா வாடகைக்கு இருந்தார்.

"ஒரு போன் போட்டுச் சொல்லுடி."

"வேணாம்க்கா. எனக்கு ஒண்ணு தெரியணும். தானாத் தேடறாங்களான்னு பார்க்கறேன்."

"எப்படித் தேடுவாங்க? இவரு, நீ அவங்ககிட்ட இருக்கேன்னு நிம்மதியா இருப்பாரு. அவங்க இவருகிட்ட இருக்கேன்னு."

"அதான்க்கா. நான் காணாமப் போனாக்கூட ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கற மாதிரில்ல பண்ணி வச்சிருக்காங்க."

பின்னல் அக்கா பாயை விரித்தார். பார்சல் பாய் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடிக்கவில்லை. காலையிலும் அடிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. மத்தியானம் வரை தெருத்தெருவாக நடந்தாள். திரும்பிக் கடைத்தெருவுக்கு வந்தபோது ஷட்டர் பாதி திறந்திருந்தது. மாஸ்டர் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தாள். கேபினில் சிவப்புத் துணி இல்லை. கூண்டுக்குள் அம்மாவின் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. மாஸ்டர் கிரேனைப் பார்ப்பார், துணி இல்லை என்பார், சாயங்காலம் பெண் வருவாள் என்று இருந்துவிடுவார். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒருத்திதான் அதில் இல்லை.

கடைக்குப் பின்னால் கட்டிய கயிற்றில், முடிவெட்டும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற மஞ்சள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதில் பெரிதாக ஒன்றை உருவினாள். வெளிப்படிக்கட்டு வழியாக மொட்டைமாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் அதை இறுக்கிக் கட்டினாள்.

காற்று பிடித்ததும் துணி படபடவென்று விரிந்தது.

தூரத்தில் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிரேன் திரும்பிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. பிறகு கம்பிக்கட்டை மெதுவாக இறக்கியது. கீழே நின்றிருந்த எங்களுக்கு வாக்கிடாக்கியில் அம்மாவின் குரல் வந்தது: "சார், அந்த முடிவெட்டற கடை மாடியில மஞ்சளா என்ன தொங்குது?" எனக்கென்ன தெரியும்? "மஞ்சளுக்கு என்ன அர்த்தம்னு எனக்கே தெரியல. நான் இறங்கறேன்," என்றது குரல். வேலைக்கு நடுவில் அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

மாடியிலிருந்து பார்சல் பார்த்தாள். ஆரஞ்சுப் புள்ளி ஒன்று ஏணிப்படியில் இறங்கிக்கொண்டே இருந்தது. கட்டியதை அவிழ்த்துவிடலாமா என்று முடிச்சில் கைவைத்தாள். அவிழ்க்கவில்லை.

அம்மா ஹெல்மெட்டோடு கடை வாசலில் வந்து நின்றார். மாஸ்டர் சீப்போடு வெளியே வந்தார். இருவரும் பின்னல் அக்காவைப் பார்த்தார்கள்.

"மாடியில என்ன கொடின்னு அவர்கிட்ட கேளு."

"என் கடைத் துணிய யார் மேல கட்டினதுன்னு அவங்ககிட்ட கேளு."

"என்னக் கேக்காதீங்க. நான் பின்னல் போட மட்டும்தான் சம்பளம் வாங்கறேன்," என்றார் அக்கா.

"பொண்ணு கட்டியிருப்பா. உள்ள இருக்காளா?" என்று அம்மா இந்த முறை நேராக மாஸ்டரையே கேட்டார்.

"உள்ளயா? உன்கிட்டல்ல இருக்கா?"

"நான் ஊர்லயே இல்லயேய்யா! உன்கிட்டன்னுல்ல நெனச்சேன்!"

"நேத்து நீதான துணி கட்டின?"

"நான் எங்க கட்டினேன்? நேத்து நான் ஏறவே இல்ல!"

மாஸ்டர் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. எவ்வளவு பேசினாலும் ஓயாத மனிதருக்கு வார்த்தை வரவில்லை. அமைதி வேண்டும் வேண்டும் என்று கேட்ட அம்மாதான் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "அப்போ என் புள்ள எங்கய்யா?"

"இங்க," என்றாள் பார்சல் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி.

இருவரும் அண்ணாந்தார்கள். இதுவரை கிரேனைப் பார்க்கத்தான் அந்த வாசலில் அண்ணாந்திருக்கிறார்கள்.

"இறங்கி வாடி!"

"வரமாட்டேன். ரெண்டு சாவி வேணும். அந்த வீட்டுக்கு ஒண்ணு, இந்த அறைக்கு ஒண்ணு. எங்க படுக்கணும்னு இனிமே துணி சொல்லாது, நான் சொல்வேன்."

"சாவி குடுத்தா இவ..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"யோவ்," என்றார் அம்மா. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். அம்மா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மாடிப்படியில் வைத்தார். மாஸ்டர் உள்ளே போய்த் தேடு தேடென்று தேடி, ஒரு கிரீம் டப்பாவிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தார். ஒட்டி வைக்கவில்லை, ஒரு சாண் தள்ளி. பார்சல் இறங்கி வந்து இரண்டையும் எடுத்தாள். ஒரே வளையத்தில்தான் கோத்தாள்.

"பார்சலே கொடி கட்டிடுச்சுடா!" என்றார் பழக்கடைக்காரர். யாரும் சிரிக்காததால் பழம் அடுக்கப் போய்விட்டார்.

அதற்காக அம்மாவும் மாஸ்டரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சேரவில்லை. போனில் மட்டும், "பொண்ணு அங்கயா?" "இங்கதான்," என்ற அளவுக்குப் பேச்சு உண்டு. அதைத் தாண்டினால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். அங்கேயும் பையை முழுதாகக் காலி செய்வதில்லை என்று பின்னல் அக்கா சொல்கிறார். சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அன்றைக்கு எந்தக் கதவு பிடிக்கிறதோ அதைத் திறந்துகொண்டு உள்ளே போகிறாள்.