முதலில் எழ வேண்டிய சுவர்

திருமயத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். வீடு திருக்கோகர்ணத்தில். கோளாறு என்றால் பஸ் பிடித்துப் போவேன். அங்கே ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. பரிசோதனை முடிவுகளை வெளியூர் டாக்டர்கள் இணையம் வழியாக அதில்தான் பார்ப்பார்கள். வேண்டாதவர்களைத் தடுக்க ஃபயர்வால் போட்டிருந்தோம்.

ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்ததும், நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா போன் செய்தார். "சர்வர் என்னமோ திணறுதுங்க. வந்து பாத்துட்டுப் போங்களேன்."

போய்ப் பார்த்தேன். ஃபயர்வால் எழவே இல்லை. யார் வந்து போகிறார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகளைத் திறந்ததும் திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ யார் யாரோ உள்ளே நுழைய முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெயரைப் போட்டுப் பார்ப்பது, ஆகாவிட்டால் அடுத்த பெயர். பாஸ்வேர்டு கடினமானது என்பதால் யாரும் நுழைந்திருக்கவில்லை.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "யாருங்க இவங்கள்லாம்? திருமயத்துல இப்புடி ஒரு லேபு இருக்குன்னு இவங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைங்கம்மா. ஆளே இல்ல, எல்லாம் மெஷினுங்கதான். திறந்த வாசல் எங்க இருக்குன்னு ஊர் ஊராத் தட்டிக்கிட்டே இருக்கும்."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கையாலேயே ஃபயர்வாலை எழுப்பினேன். வரிகள் சட்டென்று நின்றன. பிறகு, கணினி தொடங்கும்போது அதை எழுப்ப வேண்டிய கட்டளைத் தொகுப்பான ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தேன். சர்வரின் இணைய முகவரியைக் கேட்டு வாங்கித்தான் அது விதிகளைப் போடும். ஆனால் இந்த முறை கணினி விழித்தபோது, இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு எழத் தாமதமாகிவிட்டது. முகவரி கிடைக்காமல் ஸ்கிரிப்ட் பாதியிலேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் மூடு என்ற கட்டளையோ கடைசி வரியில் இருந்தது.

அதை முதல் வரியாகக் கொண்டுவந்தேன். நெட்வொர்க் எழுவதற்கு முன்பே மூட வேண்டியது மூடிவிடும். முகவரி வரும்வரை காத்திருந்து, டாக்டர்களுக்கான வழியை மட்டும் திறக்கும்படியும் மாற்றினேன்.

"சரியாயிருச்சான்னு எப்புடித் தெரியும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அடுத்து கரண்ட் போறப்பத் தெரியும்."

"அது வரைக்கும் என்னால இருக்க முடியாதுங்க. இப்பவே போக வைப்போம்."

தரவுகளை வேறு டிஸ்கில் நகலெடுத்து, சர்வரை முறையாக அணைத்தேன். டாக்டரம்மாவே எழுந்து போய் சுவிட்சை அணைத்தார், கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. டிஸ்க் விழித்தது. ஃபயர்வால் எழுந்தது. அதன் பிறகுதான் நெட்வொர்க். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வர வேண்டியதற்காகக் காத்திருந்து, சில நொடிகளில் எல்லாம் எழுந்து நின்றன. எத்தனையோ வருடங்களாகப் பார்க்கும் காட்சிதான். அன்றுதான் முதல்முறை பார்ப்பது போல் இருந்தது. முகம் தெரியாத எத்தனை பேர், எந்தெந்த நாட்டில் உட்கார்ந்து, இந்த வரிசையை யோசித்து எழுதி, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்திருக்கிறார்கள்! வாசலைத் தட்டும் அதே உலகத்திலிருந்துதான் இதுவும் வந்திருக்கிறது.

தடுக்கப்பட்டவற்றின் பதிவைத் திறந்தேன். தட்டல்கள் ஒவ்வொன்றாக வந்து, அங்கேயே நின்றன. டாக்டர்களின் பக்கம் என் போனில் சரியாகத் திறந்தது.

"இன்னொரு தடவ அணைச்சுப் போடுங்களேன்," என்றார் டாக்டரம்மா. "அது எந்திரிக்கிறத நான் மறுக்கா பாக்கணும்."