பல் விழுந்த கத்தி

அண்ணன் பிறந்தது குரங்கணியில், காப்பிப் பழம் களத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். பிறந்ததும் அழவில்லை, எல்லோரையும் முறைத்துப் பார்த்தார் என்று எங்கள் ஆத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த முறைப்பு கடைசிவரை போகவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அதை ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஐயா காலமானதும் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஜீப் ஏறினார். போடியில் ஆள் ஏற்றி, மலைக் கணவாயான மெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, பொழுது சாய அவர்களைத் திரும்பக் கூட்டி வர வேண்டும். என் படிப்பும் தங்கையின் கல்யாணமும் அந்த ஜீப்பில்தான் மலையேறி இறங்கின. பிறகு மலையில் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் வாங்கினார். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

எழுதப்போகிறேன் என்றதும் எல்லோரும் ஜீப்பைச் சொன்னார்கள், தோட்டத்தைச் சொன்னார்கள். நான் கத்தியைச் சொல்கிறேன். அண்ணன் யார் என்று எனக்குக் காட்டியது அதுதான்.

மெட்டைத் தாண்டி, கேரளப் பக்கம், பழைய சாமான் கடை ஒன்று இருக்கிறது. எஸ்டேட் பங்களாக்களைக் காலிசெய்யும்போது கிடைக்கும் தட்டுமுட்டெல்லாம் அங்கேதான் வரும். அங்கே ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடந்தது. எந்தத் துரை விட்டுப்போனதோ, இரும்பே தெரியாத அளவுக்குத் துரு.

ஒன்றுக்கும் உதவாது என்று கடைக்காரர் மலையாளத்தில் கையை விரித்தார். "இதொண்ணும் கொள்ளில்லா அண்ணாச்சி. துரு தின்னு போயி."

"தின்னது போக மிச்சம் இருக்குல்ல?" என்றார் அண்ணன். வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மதினி அதைப் பார்த்தார்.

"வெங்காயம் அரிய ஒரு கத்தி கொண்டாங்கன்னு சொல்லி ஆறு மாசமாச்சு. இதை வச்சு என்ன செய்ய?"

"சவரம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"இன்சூரன்ஸ் கட்டியாச்சா?"

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். உப்புத்தாளால் தேய்த்தார். அதில் அடித்திருந்த எழுத்து அழிந்துவிடாமல், நகத்தால் தடவித் தடவித் தேய்த்தார். பிறகு கல். தண்ணீர் விட்ட கல்லில் கத்தியின் முதுகும் வெட்டும் வாயும் ஒன்றாகப் படிய வேண்டும், அமுக்கக் கூடாது, போன வழியே திரும்பக் கூடாது, முதுகின்மேல் புரட்டித்தான் வர வேண்டும். கடைசியாகத் தோல்வாரில் இழுத்துத் தீட்ட வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. எந்தக் கத்தியானாலும் முதலில் தன் கன்னத்தில்தான் வைத்துப் பார்ப்பார். அந்த மாதங்களில் அவர் முகம் பூனையோடு சண்டை போட்டவர் முகம்போல இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஒன்று நாலானது, நாலு பத்தானது. மலை வீட்டில் மஞ்சுமூட்டம் இறங்கினால் துடைத்து வைத்த கத்தியும் மறுநாள் துருவேறிச் சிவந்துவிடும். அண்ணன் ஒரு யோசனை செய்தார். ஈரம் அண்டாத ஒரே இடம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். தகரப்பெட்டியோடு கொண்டுபோய் அங்கே வைத்தார். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கொம்பில் செய்த பிடிகள்தாம் அந்தச் சூட்டில் வதங்கிய பீன்சுபோல வளைந்து, வெடித்து, பத்தில் ஏழு போயின. திறந்தபோது நானும் உடனிருந்தேன். பெட்டிக்குள்ளிருந்து ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது.

"காய் நல்லா காஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே குரங்கணிக்குப் போய், வெட்டிப்போட்டிருந்த காப்பிமரத் தூர் ஒன்றைத் தூக்கிவந்து அறுக்கத் தொடங்கிவிட்டார். ஏழு கத்திக்கும் காப்பிக் கட்டைப் பிடி. பித்தளை ஆணி. அப்புறம் அவர் வாங்கிய கத்திகளுக்குக்கூட, நல்ல பிடி இருந்தாலும், மாற்றிவிடுவார்.

கடைசியாக வாங்கியது பல் விழுந்த கத்தி. வாயில், நுனிப் பக்கமாக, நெல் நுனி அளவுக்கு ஒரு பிளவு. பிளவு தீரும்வரை வாய் முழுவதையும் தேய்த்துக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் சோலி. அப்போதுதான் அண்ணனுக்குக் கை நடுக்கம் கண்டது. நரம்பு நோய், கூடிக்கொண்டுதான் போகும் என்றார் தேனி டாக்டர். அண்ணன் ஜீப் சாவியை அவராகவே ஆணியில் மாட்டினார்.

கத்திப் பெட்டியை நான் எடுத்து ஒளித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மதினியிடம்கூடச் சொல்லவில்லை. நடுங்குகிற கை, கழுத்து, கத்தி. இதற்குமேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் அண்ணன் என் வீட்டுக்கு நடந்தே வந்தார்.

"அப்பு, பெட்டியைக் கொண்டா."

"கை நடுங்குதுண்ணே. வேணாம்ண்ணே."

கையை என் முன்னால் நீட்டினார். காற்றில் இலைபோல ஆடியது. மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, என் டைரியில் தன் பெயரை எழுதினார். எழுதும்போது ஆடவில்லை. பேனாவைக் கீழே வைத்ததும் திரும்ப ஆடியது.

"சும்மா இருந்தாத்தான் ஆடுது. சோலி குடுத்தா நிக்குது. நீ எங்கிட்ட இருந்து சோலியைப் பிடுங்குற."

கொடுத்தேன்.

அதிலிருந்து ஏழு மாதம். இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, ஒரு நாளைக்குப் பத்துத் தேய்ப்பு. முடியாத நாளில் ஐந்து. கல்லில் கையே வைக்க முடியாத நாளும் இருந்தது. அன்றைக்குக் கல்லைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஏழாம் மாதம் முடிந்த ஒரு காலையில் மதினி எனக்குப் போன் செய்தார். "கொழுந்தனாரே, வெரசா வாங்க. நுரை போட்டுக்கிட்டு நிக்கிறாரு."

ஓடினேன். மதினி துண்டோடு கதவுக்குப் பின்னால் நின்றார். நான் கண்ணாடியில் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பல் விழுந்த அந்தக் கத்தி கன்னத்தில் இறங்கியது, தாடையில் திரும்பியது, தொண்டையில் ஏறியது. ஒரு துளி ரத்தம் இல்லை. கத்தியைத் துடைத்து மடக்கிய பிறகுதான் கை ஆடத் தொடங்கியது.

"நீ ஏண்டா மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கிற?" என்றார்.

அதற்கப்புறம் தாம் பிழைத்திருந்த பதினோரு வாரமும் அவரேதான் சவரம் செய்துகொண்டார். போன வருடம் ஒரு விடியற்காலையில் காப்பி கேட்டார். மதினி எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.

செய்தி தெரிந்ததும் கூலியைப் பாராமல் மலையிலிருந்து சனங்களை இறக்கிக் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநர்களுக்கு, நேரிலேயே வந்து நின்ற தேனி டாக்டருக்கு, பதினாறு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு கொடுத்தனுப்பிய தெருக்காரர்களுக்கு, துரு நாற்றத்தையும் மண்ணெண்ணெய் நாற்றத்தையும் பல வருடம் பொறுத்துக்கொண்ட மதினிக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

முடிதிருத்தும் எங்கள் நண்பருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டுவதற்கு முன் அண்ணனுக்கு முகம் வழிக்க அவர் உட்கார்ந்தார். கன்னத்தில் விரலை ஓட்டினார். முந்தின நாள் சாயங்காலம் அண்ணனே வழித்திருந்த முகம்.

"எனக்கு ஒரு சோலியும் வைக்கலையே அண்ணன்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க."

கொள்ளி வைப்பவன் நான். தலை மழிக்க வேண்டும். அவர் பிளேடு மாட்டும் கத்தியைப் பையிலிருந்து எடுக்கும்போது, மதினி உள்ளே போய்த் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அண்ணன் கடைசியாகத் தீட்டியது எது என்று நான் காட்டினேன். அவர் விரித்து, தன் முன்கை மயிரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். என் தலையில் தண்ணீர் தெளித்தார்.

கண்ணை மூடிக்கொண்டேன். பல் இருந்த இடம் எங்கேயாவது ஓரிடத்தில் பிடிக்கும் என்று காத்திருந்தேன். நெற்றியிலிருந்து பிடரிவரைக்கும் வந்தது கத்தி. திரும்ப வந்தது. காதோரம் வந்தது. எங்கும் பிடிக்கவில்லை.