தேதி இல்லாத சீட்டு

அலுவலகத்தில் அவருக்கு ரிட்டர்ன் என்று பெயர். முப்பத்தொரு வருடம் அவர் செய்த வேலை, வந்த விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவது. முத்திரை மங்கல். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே. தேதி இல்லை. குறையே இல்லாத விண்ணப்பம் ஒன்று வந்துவிட்டால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த பாராட்டு மடலைக்கூட, சேர்ந்த வருடம் தவறு என்று மேடையிலேயே திருப்பிக் கொடுத்தார். திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை.

வீட்டில் திருப்பி அனுப்ப அவருக்குக் கிடைத்தது மனைவியின் தம்பி ஒருவன்தான். அவன் வாஷிங்மெஷின் மெக்கானிக். மூன்று வருடத்துக்கு முன், அவர் இன்னும் வேலையில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்து ஆட்கள் நான்கு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவன் அக்காவைப் பார்க்க வந்தான்.

"என் மச்சினன். மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறார். திருப்புளி பிடிச்சவனெல்லாம் டாக்டராயிட்டான் இப்ப" என்று அறிமுகம் செய்தார்.

நான்கு பேரும் சிரித்தார்கள். நான்கு பேருடைய கோப்பும் அப்போது அவர் அலுவலக மேசையில் கிடந்தது. தம்பி கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனான். பிறகு வரவில்லை. அக்கா போனில் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "அத்தான் வாயால உக்காருன்னு சொல்லட்டும். வரேன்."

அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். அதனால், பின்பால்கனியில் நிற்கும் மெஷினுக்குத் தண்ணீர் நூல்போல வர ஆரம்பித்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"ஏங்க, தம்பியைக் கூப்பிடுங்களேன்."

"எதுக்கு? நாலு திருகாணி. அதுக்கு ஒரு பட்டாளமா?"

குழாயை மூடினார். மெஷினின் முதுகிலிருந்த ஹோஸைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் உள்ளே போகும் வால்வின் வாயில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருந்தது. மேல்தொட்டியின் மணலும் பாசியும் அதில் அப்பியிருந்தன. பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் முப்பத்தொரு வருடம் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு, வழியை அடைத்துக்கொண்டிருக்கும் வேறொன்றைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"பாத்தியா? இதுதான் தண்ணியைத் தடுக்குது. இது இல்லாட்டி மெக்கானிக்கை யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு வேணும்னே வச்சிருக்கான்."

குறடால் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். தண்ணீர் பாய்ந்து வந்தது. இரண்டு வாரம் அவர் பேச்சில் வேறு எதுவும் இல்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் மாடிக்கு முன்பே இறங்கி நடந்தார்கள்.

மூன்றாம் வாரம், தடுக்க ஆளில்லாத மணல் வால்வுக்குள் போய் ரப்பருக்கு அடியில் தங்கியது. வால்வு மூட மறுத்தது. மெஷினை நிறுத்தினாலும், பிளக்கைப் பிடுங்கினாலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவர் அசரவில்லை. வெள்ளைத்தாளில் எழுதி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார்: 'நீர் நிரம்பியதும் குழாயை மூடவும். மெஷின் மீண்டும் கேட்டால் திறக்கவும்.' கீழே கையெழுத்து, தேதி.

தானாக ஓடுவதற்கென்று வாங்கிய மெஷினுக்குக் காவலாக மனைவி ஒரு மணி நேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பியை ஒரு வார்த்தை..."

"ஒட்டியிருக்கேன்ல. படிச்சுச் செய்."

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போகும்போது குழாயை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவர் செய்தித்தாளில் ஒரு தலைப்பில் தவறு கண்டுபிடித்து, ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அழைப்பு மணி அடித்தபோது கடிதம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வாசலில் கீழ்வீட்டுத் தையல்காரி, தோளில் சொட்டச் சொட்ட ஒரு துணியோடு.

"என்ன சார், உங்க வீட்டுல மட்டும் மழையா?"

"கட்டடத்துல எங்கயாவது கசிவு இருக்கும். எழுதிக் குடுங்க, பாக்கலாம்."

"எழுதியா? நாளைக்குக் குடுக்க வேண்டிய துணி சார், வெட்டி வச்சது மொத்தமும் ஊறிப்போச்சு. வேணும்னா பிழிஞ்சு குடுக்கறேன், வச்சுக்கங்க."

அன்று சாயங்காலம், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, மெஷின் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லவில்லை, கதவு எண்ணை மட்டும் சொன்னார். அந்தப் பகுதிக்கு யாரை அனுப்புவார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. மற்றவர்கள் வேலையில் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு அதிகம் தோன்றியதில்லை.

மறுநாள் காலை கம்பெனிச் சட்டையோடு தம்பி வாசலில் நின்றான்.

"வணக்கம் சார். புகார் குடுத்திருந்தீங்க."

அத்தான் என்று சொல்லவில்லை. அக்கா சமையலறை வாசலில் நின்று கைகளைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

தம்பி மெஷினின் பின்தகட்டைக் கழற்றி, பழைய வால்வை எடுத்துத் தட்டினான். தரையில் மணல் கொட்டியது.

"சல்லடை எங்க சார்?"

"இல்ல. வாங்கும்போதே கிடையாது."

அக்கா உள்ளே போய், கரண்டி வைக்கும் இழுப்பறையிலிருந்து சல்லடையைக் கொண்டுவந்து தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

"குப்பையில கிடந்துச்சு."

"புது வால்வுலயே சல்லடை வரும்க்கா. இது இதோட இடத்துல இருந்திருந்தா பழைய வால்வே ஓடியிருக்கும்."

இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. மெஷினை ஓட்டிக் காட்டினான். தண்ணீர் வந்தது, வேண்டிய இடத்தில் நின்றது. அவள் டீப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"உக்காருடா, டீ போடறேன்."

"வேலைக்கு வந்த இடத்துல நானா உக்கார மாட்டேன்க்கா."

சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்தான். வேலைச் சீட்டைக் கையெழுத்துக்கு நீட்டினான். அவள் பாத்திரத்தோடு நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். கூடத்தில் நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் படித்தார். பிறகு அவனிடமே நீட்டினார்.

"தேதி போடலை."

தம்பி சிரிக்கவில்லை. முழங்காலில் வைத்துத் தேதி எழுதினான். அவர் கையெழுத்துப் போட்டார், கட்டத்துக்குள்.

அவள் பாத்திரத்தை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். அழுக்குக் கூடையை இழுத்து, அவருடைய சட்டைகளை மட்டும் பொறுக்கி மெஷினுக்குள் போட்டாள். மீதித் துணியைப் பையில் திணித்தாள்.

"இருடா, நானும் வரேன். உங்க வீட்டு மெஷின்ல போட்டுக்கறேன்."

"எங்க கிளம்பிட்ட? அதான் சரியாயிடுச்சே" என்றார் அவர்.

"மெஷின் சரியாயிடுச்சு."

இருவரும் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. லிஃப்டுக்குக்கூட அவர்கள் காத்திருக்கவில்லை.

அவர் மெஷின் முன்னால் போய் நின்றார். ஒன்பது பொத்தான்கள். அதன் சல்லடையைப் பற்றி இரண்டு வாரம் பேசியவர். ஒருநாளும் அதை ஓட்டியதில்லை. ஒன்றை அமுக்கினார், விளக்கு எரிந்தது. இன்னொன்றை அமுக்கினார், அணைந்தது. உதவிக்குச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். அதில் குழாயைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தது.